வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே

“கதவுகள் மூடுகின்றன” என்றது மின்தூக்கி. குரல் அவளுடையதுதான்.

“உத்தரவு, மகாராணி” என்றான் தம்பி, தோளில் தொங்கிய கிட்டார்ப் பையை இறக்காமலே.

எந்தக் கட்டடத்தில் இந்தக் குரலைக் கேட்டாலும் அவன் இப்படித்தான் சொல்வான். அவளும் அவன் பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். இன்று கை எழவில்லை. அறிவிப்புகளைப் பதிவு செய்து விற்கும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மின்தூக்கிகளிலும் வங்கி வரிசைகளிலும் தொலைபேசிக் காத்திருப்புகளிலும் பேசுபவள் அவளே. அம்மா போனபின் பதிவு செய்தவற்றைக் கேட்டுவிட்டு, “இப்பதாம்மா உன் குரல்ல ஒரு நிதானம் வந்திருக்கு” என்று மேலாளர் மனம் நிறைந்து பாராட்டியிருந்தார். அவளும் நன்றி சொன்னாள், அதே நிதானத்தோடு.

மாடிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. தம்பி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் சொல்லலையேன்னு கேக்கக் கூடாது. இன்னைக்குப் பேட்டி முடியறப்ப ஒரு பாட்டு பாடணும். நீ பாடினா நாம இருக்கோம். பாடலேன்னா நான் கப்பலுக்குச் சரின்னு சொல்லிடறேன். நாளைக்குப் பதில் கேக்கறாங்க.”

சுற்றுலாக் கப்பல் ஒன்றின் உணவுக்கூட வாத்தியக் குழுவில் கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“தொண்டை இன்னும்…”

“தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. நாலு வைத்தியர் பாத்தாச்சு. கண்ணாடி மாதிரி இருக்குன்னாங்க. நானும் எத்தனை நாளைக்கு நம்பற மாதிரி நடிக்கறது?”

மின்தூக்கி அவளுக்காகப் பேசிற்று. “மேல்தளம். கதவுகள் திறக்கின்றன.”

அக்காளும் தம்பியும் சேர்ந்து பாடும் அந்தச் சிறு குழுவுக்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று பெயர். பெயர் சும்மா வைத்ததன்று. மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள் நெருக்கும் ஒற்றையறை வீட்டில் பிறந்த பாட்டு அது. அறையில் வாய் திறந்தால் சுவருக்கு அப்பாலிருந்து முஷ்டியால் இடிப்பார்கள். இடிக்க ஆளில்லாத ஒரே சுவர் சமையலறையின் வெளிச்சுவர். ஆகவே பாட்டும் சமையலறைக்கே குடிபோயிற்று. அங்கே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அவற்றோடு அம்மா வேலை பார்த்த சலவைக் கடையில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கிவந்த ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி.

சுருதிக்கு வேறு கருவி அவர்களிடம் இல்லை. அந்தப் பெட்டியின் அடியில் இயந்திரம் ஓடும்போது எழும் இரைச்சல் ஒன்று உண்டு; பெருமரத்துக் கிளையில் தேனீக்கூட்டம் முரல்வதுபோல் ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும் இரைச்சல். தம்பி அதற்கு நரம்பைக் கூட்டினான். அவள் அதன்மேல் குரலை வைத்தாள். இயந்திரம் ஓய்ந்திருந்தால் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் காத்திருப்பார்கள். உள்ளே வெக்கை புகுந்ததும் பெட்டி ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு இரையத் தொடங்கும். ஊர் ஊராகப் பாடப் போனாலும் இந்தப் பெட்டியின் முன் நின்று நரம்பு கூட்டிக்கொண்ட பிறகே வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது அது.

“திறந்தது போதும், சாத்துங்க. பால் கெட்டுப்போகும்” என்பாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே. “சுருதி மட்டும் கெடாம இருந்து என்ன பண்ண? அதையா காய்ச்சிக் குடிக்கறது?”

அவர்களுடைய பாட்டைப் பற்றி அம்மா சொன்ன விமரிசனம் முழுவதும் அவ்வளவே.

அம்மா போனாள். வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார். பழைய சாமான் எடுப்பவர்கள் இருவர் பெட்டியின் வாயைக் கயிற்றால் கட்டிப் படி இறக்கினார்கள். மேற்படியில் நின்று, “பார்த்து, சுவத்துல இடிக்காம” என்று மட்டும் அவள் சொன்னாள். சொன்ன குரல் வங்கியில் அடுத்த ஆளை அழைக்கும் குரல். அதன்பின் அவள் பாடவில்லை. புது வீட்டில் தம்பி கைபேசி காட்டிய சுருதிக்கு நரம்பு கூட்டினான். அவள் வாயைத் திறந்தாள். இருட்டில் படி இருக்கிறது என்று நம்பி வைத்த கால் காற்றில் இறங்கியதுபோல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, “தொண்டை சரியில்லடா” என்றாள். அழுகையும் வரவில்லை, பாட்டும் வரவில்லை; இரண்டும் ஒரே வாசல் வழியாக வருபவை போலும்.

மேல்தளத்தில் கதவைத் திறந்தவர் பெட்டிக்காரர். கீபோர்டு வாசிப்பவர் ஆதலால் இசைக்காரர்கள் வட்டத்தில் அவருக்கு அந்தப் பெயர். யாருடைய தயவும் இன்றித் தாமே பாட்டுக் கட்டித் தாமே வெளியிடுபவர்களை அழைத்துவைத்துப் பேசி, அதை இணையத்தில் ஒலிபரப்புவார். கடைசியில் விருந்தினர் ஒரு பாட்டுப் பாட, தாமும் கூட வாசிப்பது அந்த நிகழ்ச்சியின் முறை. அவர் மனைவிதான் ஒலிப்பதிவாளர். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் ‘அண்ணி’.

படுக்கையறையையே பதிவறை ஆக்கியிருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தைகள். ஜன்னலுக்குக் கம்பளி. மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் எல்லார் நெற்றியிலும் வேர்வை.

“வேர்த்தா தொடைச்சுக்குங்க, ஆனா சத்தமில்லாம தொடைச்சுக்குங்க” என்றார் அண்ணி, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு. “போன வாரம் ஒருத்தர் மூக்குச் சிந்தினார். மத்தளம்னு நெனச்சு நாலு பேர் பாராட்டி எழுதியிருக்காங்க.”

பதிவு தொடங்கியது. முதலில் பெட்டிக்காரர் தம் கதையையே சொன்னார். அதுவும் அந்த நிகழ்ச்சியின் முறைதான்.

“நான் ஆரம்பிச்சது ஒரு விடுதி வரவேற்பறையில. சாவி வாங்க வர்றவங்க, சாவி குடுக்க வர்றவங்க, நடுவுல என் வாசிப்பு. வருஷக்கணக்கா வாசிச்சேன், ஒரு ஆள் நின்னு கேக்கல.”

“இப்ப மட்டும்?” என்றார் அண்ணி, பதிவுப் பொறியை விட்டுத் திரும்பாமல்.

“இப்ப கேக்கறாங்களே! உங்கம்மா ரெண்டு போன்ல கேக்கறாங்க.”

“ஒண்ணு சார்ஜ்ல கிடக்கும்.”

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். தன் உதடும் விரிந்திருப்பதை அவள் உணர்ந்தாள். விரிந்தது உதடு மட்டுந்தான்.

“சரி, உங்க கதைக்கு வருவோம். தொடக்கம் எங்க? சொல்லுங்க தம்பி.”

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலிக் கதையை எடுத்தான். பல மேடைகளில் சொல்லிச் சொல்லி நீரோட்டத்துக் கூழாங்கல்போல் வழவழப்பாகிவிட்ட கதை அது. வீட்டில் ஒரு பழைய வானொலி இருந்ததாம். மழை நாளில் அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து கேட்குமாம். அந்தக் கலவையில்தான் தங்கள் இசை கருக்கொண்டதாம். வானொலி இருந்தது உண்மை. ஆனால் அது பாடி அவள் கேட்டதில்லை. உப்பு ஜாடி நழுவாமல் இருக்க அம்மா அதை அண்டக் கொடுத்திருந்தாள்.

“அடடா” என்றார் பெட்டிக்காரர். “யாருடைய பாதிப்பு அதிகம்? ஏன் கேக்கறேன்னா, உங்க பாட்டு எதுவும் என் கீபோர்டுக்குள்ள அடங்கறதில்ல. வெள்ளைக் கட்டையை அழுத்தினா கொஞ்சம் கம்மி. பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குப் போனா கொஞ்சம் அதிகம். ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கறீங்க. ஒரு பத்திரிகையில நீளமா ஒரு கட்டுரை வந்துச்சே, வழக்கொழிஞ்ச ஏதோ ஒரு பழைய யாழ்முறையை நீங்க மீட்டெடுத்திருக்கீங்கன்னு…”

“ஆமாண்ணே. ஒரு தேடல்தான்” என்றான் தம்பி, பட்டும் படாமலும்.

“அக்கா பேசவே இல்லையே. நீங்க சொல்லும்மா. குரலுக்கு யாரை ஆதர்சமா வச்சுக்கிட்டீங்க?”

அவள் ஒலிவாங்கியைப் பார்த்தாள். அலுவலக ஒலிவாங்கியும் இதே வகைதான். “அப்படி யாரும் இல்லங்க” என்றாள். பெட்டிக்காரர் நல்ல மனிதர். அதன்பின் விழுந்த மௌனத்தைக் கேட்போர்மேல் நெடுநேரம் விடவில்லை. “தன்னடக்கம்” என்று சிரித்து, பேச்சைத் தம்பி பக்கமே திருப்பிக்கொண்டார். பகலில் கைபேசி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்து மாலையில் பாட்டுக் கட்டும் பாடுகளைத் தம்பி சொன்னான். உடைந்த திரையோடு வந்த ஒருத்தி தன் கைபேசியில் இவர்கள் பாட்டை வைத்திருந்தாள் என்றும், தான் யார் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை, கூலியையும் குறைத்துக் கேட்டாள் என்றும் சொன்னான். அண்ணி சிரித்தார். பேட்டி களைகட்டியது. அவள் தண்ணீர் குடித்தாள்.

“இப்ப பாட்டு” என்றார் பெட்டிக்காரர்.

தம்பி கிட்டாரை எடுத்து, அதன் மின்கம்பியை ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகினான். செருகியதும் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி அறையை நிறைத்தது.

“ஐயோ, வந்துட்டான்யா” என்று எழுந்தார் அண்ணி. “எர்த் கோளாறு. எங்கயோ ஒரு ஒயர் வம்பு பண்ணுது. கொஞ்சம் பொறுங்க.” மேசை விளக்கை அணைத்தார். இரைச்சல் நின்றபாடில்லை. ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிச் செருகினார். “காலையில ஒழுங்கா இருந்துச்சு. ஆளுங்க வந்தாத்தான் இதுக்கு ஆட்டம்.”

அவள் அசையாமல் நின்றாள்.

அது மேலிருந்து வரவில்லை, கீழிருந்தும் வரவில்லை. தொடங்கிய இடம் தெரியாமல், முடியும் இடம் காட்டாமல், ஏறாமல் இறங்காமல், நின்ற இடத்திலேயே நின்றது. அவள் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. வலக்கை மட்டும் அவளைக் கேளாமலே மெல்ல முன்னே நீண்டு, திறந்த கதவொன்றைச் சாத்தப் போவதுபோல் காற்றில் நின்றது. நெஞ்சில் ஒன்றும் நிகழவில்லை. மிடற்றில் மட்டும், உறையில் கத்தி பொருந்துவதுபோல், ஏதோ ஒன்று தன் இடத்தில் சென்று அமர்ந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்து கம்பியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“பிடிச்சுட்டேன்!” என்றார் அண்ணி. ஏதோ ஒரு கம்பி பிடுங்கப்பட்டது. இரைச்சல் அற்றது. பெட்டிக்காரர் கைதட்டினார்.

மிடற்றில் அமர்ந்தது எழுந்து போய்விட்டது.

“சுருதி குடுக்கறேன், பிடிச்சுக்குங்க” என்று அவர் வெள்ளைக் கட்டை ஒன்றை அழுத்தினார். தம்பி கைபேசியைக்கூடப் பார்க்காமல் நரம்புகளை அதற்கு இறக்கிக்கொண்டான். முன்பெல்லாம் இதற்காகப் பெரிய சண்டை நடந்திருக்கும்; எவருடைய கருவிக்காகவும் சுருதியை மாற்றுவதில்லை என்பது ஒண்டுக்குடித்தனத்தின் வீம்பு. அவன் முன்னிசையை வாசித்தான். அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது. போயிற்று. இன்னொரு சுற்று வாசித்தான். மறுபடி வந்தது. அவள் வாய் திறந்தே இருந்தது.

தம்பியின் விரல்கள் நின்றன. கிட்டாரின் வாரைத் தோளிலிருந்து கழற்றினான். முகம் யாரையும் பார்க்கவில்லை.

“மன்னிச்சுக்குங்கண்ணே. அக்காவுக்குத் தொண்டை சரியில்ல. பேசவே வேணாம்னு வைத்தியரே சொன்னார். நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்.”

மின்தூக்கியில் அவள் முகத்துக்கு நேரே உடைத்துப் போட்ட பொய்யை, இங்கே அவனே பொறுக்கி எடுத்து அவளுக்குப் போர்த்துகிறான். இனி அவன் கப்பலுக்குப் போய்விடுவான் என்பது அவளுக்கு அப்போது ஐயமறத் தெரிந்தது. சண்டை போடுகிறவன் இருப்பான். இப்படிப் பரிந்து பேசுகிறவன் புறப்பட்டுவிட்டான்.

“அண்ணி” என்றாள். “அந்த இரைச்சல் வேணும்.”

“எது?”

“இப்ப நிறுத்தினீங்களே, அது. திரும்பப் போடுங்க.”

“ஏம்மா, அதை நிறுத்தத்தானே நான் இவ்வளவு நேரம் மேசைக்கடியில தவழ்ந்தேன்!”

“நாங்க அதுலதான் ஆரம்பிச்சோம்” என்றாள் அவள். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறிவிப்புச் செய்யும் அதே குரலில் தொடர்ந்தாள். “வானொலி இல்ல. யாழும் இல்ல. பிரிட்ஜு. எங்க வீட்டு சமையலறையில பழைய பிரிட்ஜு ஒண்ணு இருந்துச்சு. அதோட சத்தத்துக்குத்தான் சுருதி சேப்போம். நின்னுபோச்சுன்னா கதவைத் திறந்து வைப்போம். பால் கெட்டுப்போகும்னு அம்மா திட்டுவாங்க. எங்க பாட்டு அத்தனையும் அந்த பிரிட்ஜோட சுருதி. அம்மா போனப்புறம் அதை எடைக்குப் போட்டுட்டோம்.”

பெட்டிக்காரர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“அப்ப அந்தக் கட்டுரை? எத்தனை பக்கம்! அதைப் படிச்சுட்டு நான் என் வாசிப்பையே மாத்தப் பாத்தேனே!”

“அதை எழுதினவர் எங்கிட்ட கேட்டது, ‘இது பழைய முறையா’ன்னுதான்” என்றான் தம்பி மெல்ல. “ரொம்பப் பழசுன்னேன். உண்மைதானே? பிரிட்ஜுக்கு மூணு தடவை கேஸ் மாத்தியிருந்தோம்.”

அண்ணி சிரிக்கவில்லை. மேசைக்கடியில் கை விட்டுக் கம்பியை மீண்டும் செருகினார். இரைச்சல் வந்து நின்றது. பெட்டிக்காரர் கீபோர்டின் பக்கவாட்டிலிருந்த சிறு திருகை, மயிரிழை மயிரிழையாக மேலே ஏற்றினார். வெள்ளைக் கட்டையின் நாதம் ஊர்ந்து ஊர்ந்து போய், ஓரிடத்தில் இரைச்சலோடு கலந்து காணாமற்போயிற்று.

“அட, இங்கதான் குடியிருந்தீங்களா!” என்றார்.

“இது உங்க பிரிட்ஜு மட்டும் இல்லம்மா” என்றார் அண்ணி. “சுவத்துல வர்ற மின்சாரத்தோட துடிப்பு இது. எங்க பிரிட்ஜும் இதே சுருதியிலதான் கத்தும். தெருவிளக்கு, கடைப் பலகை, மாவு அரைக்கற மெஷின், நீங்க ஏறி வந்த லிஃப்ட்டுகூட. இந்த ஊர்ல கரண்ட் இருக்கற இடத்துல எல்லாம் காதை வச்சா இதுதான் கேக்கும்.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவள் சுவரைப் பார்த்தாள். மெத்தைக்குப் பின்னால் சுவர்; சுவருக்குள் கம்பி; கம்பிக்குள் அது. அந்தப் படியில் கயிறு கட்டி இறக்கப்பட்ட பெட்டி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில், புது வீட்டில், வைத்தியசாலையில் அம்மா கிடந்த கட்டிலின் தலைமாட்டில், எல்லாவற்றிலும் அது இருந்துகொண்டே இருந்திருக்கிறது. செவிதான் அடைபட்டுக் கிடந்தது. சுருதி போகவில்லை. அப்படியானால் போனது அம்மா மட்டுந்தான். சாத்தச் சொல்லும் குரல் மட்டுந்தான். இத்தனை நாளும் எதைக் காணவில்லை என்று கைபோன போக்கில் துழாவினாளோ, அதன் அளவு இப்போது தெரிந்தது. ஓர் ஆள் அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அழுகை வருமோ என்று ஒரு கணம் தனக்குள் பார்த்தாள். வரவில்லை.

“வாசிடா” என்றாள்.

தம்பி வாரை மறுபடி மாட்டி, நரம்புகளைப் பழைய இடத்துக்கு ஏற்றினான். காதாலேயே ஏற்றினான். அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது. கால் வைத்தாள், படி இருந்தது. பாட்டு நடந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் மேலே போயிற்று. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பெட்டிக்காரர் ஒற்றை விரலால் மட்டும் வாசித்தார். எதிரே உட்கார்ந்து தன் பாட்டைத் தானே கேட்பவள்போல் அவள் பாடினாள். நன்றாகத்தான் இருந்தது.

முடிந்தபின் அண்ணி காதுக்கருவியை அவளிடம் நீட்டினார். “அடியில இரைச்சல் இருக்கு. தனியா அரிச்சு எடுத்துடலாம். ஆனா உங்களுக்கு அது வேணும்னா விட்டுடறேன்.”

“எடுத்துடுங்க அண்ணி.”

“நிஜமாவா?”

“பால் கெட்டுப்போகும்” என்றாள்.

தம்பி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணி ஏதோ ஒரு குமிழைத் திருகினார். காதுக்குள் இரைச்சல் வடிந்தது. குரல் மட்டும் தனியே நின்றது, ஏணியை எடுத்தபின்னும் சுவர்மேல் நிற்பவனைப்போல. விழவில்லை. அவள் கடைசிவரை கேட்டுவிட்டுக் கருவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

“கதவுகள் மூடுகின்றன” என்றது மின்தூக்கி.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கிட்டார்ப் பையை இறக்கி இரு கால்களுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டான். இயந்திரம் எங்கோ மேலே இரைந்தது. இருவருக்கும் கேட்டது.

“கிளம்பறப்ப அண்ணிகிட்ட ஒண்ணு கேட்டேன்” என்றான், சில மாடிகள் இறங்கியபின். “கப்பல்லயும் இதே கரண்ட்தானான்னு.”

“என்ன சொன்னாங்க?”

“அங்க துடிப்பு வேறயாம். முக்கால்வாசிக் கப்பல்ல இதைவிட வேகமாம். இரைச்சலே மேல போயிடுமாம்.” பையின் பட்டியை இழுத்துச் சரிசெய்தான். “சுருதி சேராதுக்கா.”

“ம்” என்றாள் அவள்.

அது போதவில்லை என்று தோன்றியது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கையைத் தூக்கி அவன் பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கைக்கு அது பழகிய தூரம்.

“தரைத்தளம்” என்றது அவள் குரல், மேலிருந்து.